வருத்தம் யாரிடம் போய்ச் சேர்ந்தது? சயாம் ரயில் பாதையை முன்வைத்து ஒரு பார்வை

"மனம் வருந்திய குற்றவாளியை வரலாறு மன்னிக்க வேண்டுமா?" இப்படி ஒரு தலைப்பை ஐந்தாம் படிவ மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கட்டுரைகள் ஒரே தடத்தில் போகும். தவறு செய்வது மனித இயல்பு என்று தொடங்கும். இரண்டாம் பத்தியில் அசோகர் வருவார். கலிங்கப் போர்க்களத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுவார். கடைசியில் மன்னிப்பே சிறந்த பண்பு என்று முடிந்துவிடும். எழுத்துப் பிழை இல்லாமல், இரண்டு குறளும் ஒரு பழமொழியும் இருந்தால் நாமும் புள்ளி போட்டுவிட்டு அடுத்த தாளை எடுக்கிறோம்.

அந்தக் கட்டுரையில் மொழி கெடவில்லை, சிந்தனைதான் பாதியில் நின்றுவிட்டது. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் வேலை. தீர்ப்புச் சொல்வது வரலாற்றின் வேலை. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டால் யார் யாரை மன்னிக்கிறார் என்பதே தெரியாமல் போய்விடும். அசோகரை மாணவர்கள் மன்னித்துவிடுகிறார்கள், சரி. கலிங்கத்துக்காரர் மன்னித்தாரா என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

இதை விளக்கக் கலிங்கம்வரை போக வேண்டாம். கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களுக்கு ஆறும் படகும் பெரேம்பாங் மரமும் தெரியும். புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று இந்த வட்டாரம் முழுக்கத் தோட்டமாக இருந்ததை நம் மாணவர்களில் பலரே இப்போது தாத்தா பாட்டி சொல்லித்தான் கேட்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும், மற்ற மாநிலத் தோட்டங்களிலிருந்தும் நம் ஆட்களைச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். பான் போங்கிலிருந்து தான்பியூசயாட்வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942-இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையும் இணைந்தன. மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் 100,000 வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இந்த இரண்டு எண்களில் முதலாவது கிட்டத்தட்ட ஆள் ஆளாக எண்ணப்பட்டது, இரண்டாவது குத்துமதிப்பு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்தப் பாதையில் நடந்த குற்றங்களைப் பற்றிப் பேசும்போது, வருந்திய மனிதர் என்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் பெயர் ஒன்று உண்டு: நாகாசே தகாஷி. காஞ்சனபுரியில் ஜப்பானிய இராணுவக் காவல்படையான கெம்பெய்தாயின் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1943 ஆகஸ்டில் அங்கே போர்க்கைதிகள் இரகசியமாக வைத்திருந்த வானொலி பிடிபட்டது. சம்பந்தப்பட்ட அதிகாரிகளை அடித்தார்கள். இருவர் அந்த அடியிலேயே இறந்தார்கள். எரிக் லோமாக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்குக் கைகள் முறிந்தன. பிறகு அவரைத் தனியாக விசாரித்தார்கள். வாயிலும் மூக்கிலும் தண்ணீரைப் பாய்ச்சிச் சித்திரவதை செய்தார்கள். நாகாசே அடிக்கவில்லை. கேள்விகளை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பல ஆண்டுகள் லோமாக்ஸின் நினைவில் நின்றதும், அவர் அதிகம் வெறுத்ததும் அந்தக் குரலைத்தான்.

போர் முடிந்ததும் அந்த அடித்தே கொன்ற வழக்கில் கொமாய் என்ற ஜப்பானிய அதிகாரி தூக்கிலிடப்பட்டார். நாகாசே மீது வழக்கு இல்லை. நேச நாட்டுக் கல்லறைத் தேடும் குழுவுக்கு அவரை மொழிபெயர்ப்பாளராக அனுப்பினார்கள். பாதை நெடுகப் போய்ப் புதைகுழிகளைப் பார்த்தார். என்ன நடந்தது என்பதன் முழு அளவு தனக்கு அப்போதுதான் விளங்கியது என்று பின்னர் எழுதினார். ஜப்பானியர் வெளிநாடு போக வழி திறந்ததும் தாய்லாந்துக்குப் போகத் தொடங்கினார். வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை போனார். 1976-இல் முன்னாள் கைதிகளையும் முன்னாள் ஜப்பானிய வீரர்களையும் ஆற்றுப் பாலத்தில் சந்திக்க வைத்தார். 1986-இல் அங்கே அமைதிக்காக ஒரு பௌத்த ஆலயம் எழுப்பினார். தாய்லாந்துப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கொடுத்தார். 2011-இல் 93 வயதில் இறந்தார். ஜப்பானில் இப்படிப் பேசியது எல்லாருக்கும் பிடித்த காரியம் இல்லை. அதனால் இது மேடைக்காகப் போட்ட வேடம் என்று ஒதுக்க முடியாது. அவர் வருத்தம் உண்மையானது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். வருத்தம் பொய் என்றால் கேள்வி சுலபமாக முடிந்துவிடும். உண்மையான வருத்தத்தை என்ன செய்வது என்பதுதான் கடினம்.

இனி லோமாக்ஸ். 1989-இல் ஓர் ஆங்கில நாளிதழில் நாகாசேயைப் பற்றிய கட்டுரை அவர் கைக்கு வருகிறது. பிறகு நாகாசேயின் சிறு நூலையும் படிக்கிறார். அதில் ஒரு கைதியைத் தண்ணீர் ஊற்றிச் சித்திரவதை செய்த காட்சி இருக்கிறது. அந்தக் கைதி இவர்தான்! அதே நூலில், காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது தன் பாவம் மன்னிக்கப்பட்டதாக உணர்ந்தேன் என்றும் நாகாசே எழுதியிருந்தார். இதைப் படித்த லோமாக்ஸின் மனைவி பாட்டி அவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் குறிப்பிட்ட கைதி உயிரோடு இருக்கிறார், அவர் இன்னும் மன்னிக்கவில்லை, அப்படியிருக்க மன்னிக்கப்பட்டதாக நீங்கள் எப்படி உணர்ந்தீர்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

ஆசிரியர்களே, மாணவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் தலைப்பின் சாவி இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. வருந்துகிறவர் தனக்குத் தானே மன்னிப்பு வழங்கிக்கொள்ள முடிகிறது. அதற்குப் பொய் சொல்லவும் தேவையில்லை. இறந்தவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள். கல்லறை முன் நின்றால் மனம் இளகும். இளகிய மனத்தை 'மன்னிப்பு' என்று நினைத்துக்கொள்வது எளிது. உயிரோடு ஒருவர் இருந்து, "நான் இங்கே இருக்கிறேனே" என்று சொன்ன பிறகுதான் அந்த வருத்தத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது. நாகாசே உடனே பதில் எழுதினார். 1993-இல் இருவரும் காஞ்சனபுரியில் சந்தித்தார்கள். பிறகு ஜப்பானில், நடந்ததை மறக்க முடியாவிட்டாலும் உங்களை மன்னிக்கிறேன் என்ற பொருளில் லோமாக்ஸ் ஒரு கடிதம் எழுதி அவர் கையில் கொடுத்தார். 1995-இல் 'ரயில் மனிதன்' என்ற பொருள்படும் தலைப்பில் லோமாக்ஸின் நூல் வெளிவந்தது.

2013-இல் வந்த படத்தை வகுப்பில் போட்டுக் காட்டும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தில் லோமாக்ஸ் யாருக்கும் சொல்லாமல், பழிவாங்கும் நோக்கத்தோடு, திடீரென்று நாகாசேயின் முன்னால் போய் நிற்கிறார். உண்மையில் கடிதப் போக்குவரத்து நடந்து, ஏற்பாடு செய்துதான் சந்தித்தார்கள். சினிமாவுக்குக் கத்தி வேண்டும், கோபம் வேண்டும், அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டி லோமாக்ஸின் கேள்வி அந்தக் கோபத்தில் அமுங்கிப் போய்விட்டது. கடிதத்தில் இருந்த தர்க்கம் படத்தில் உணர்ச்சியாக மாறிவிட்டது. மாணவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு "இருவரும் நண்பர்கள் ஆகிவிட்டார்கள், ஆகவே மன்னிப்பு வென்றது" என்றுதான் எழுதுவார்கள். லோமாக்ஸ் மன்னித்தது தனக்குச் செய்யப்பட்டதை மட்டும். அடிபட்டு இறந்த அந்த இரு அதிகாரிகளுக்காக மன்னிக்கும் உரிமை அவருக்கு இல்லை. நம் ஆட்களுக்காக மன்னிக்கும் உரிமை நிச்சயமாக இல்லை.

நம் ஆட்கள் எங்கே? 1945-இல் கிளம்பிய அந்தத் தேடும் குழு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளின் கல்லறைகளைக் கண்டுபிடித்தது. இன்று காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் போய்ப் பார்த்தால் புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசை வரிசையாகப் பெயரும் வயதும் படையணியும் பொறித்த கற்கள். அந்தக் காட்சி யாரையும் உலுக்கும். தமிழ்த் தொழிலாளர்களைத் தேடி அப்படி ஒரு குழு போகவில்லை. பெயர்ப் பட்டியல் இல்லை, படையணி எண் இல்லை, கழுத்தில் தகடு இல்லை. வாந்திபேதியில் விழுந்தவர்களைக் கும்பலாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். ஆகவே நாகாசே போன்ற ஒருவர் மண்டியிட வேண்டுமென்றால் எங்கே மண்டியிடுவார்? பெயர் இருக்கும் இடத்தில்தான். வருத்தமும் பதிவேட்டைப் பார்த்துத்தான் போகிறது. கொஞ்சம் கசப்பாக இருக்கும், ஆனால் இது நாகாசே மீது சொல்லும் குற்றச்சாட்டு இல்லை. அவர் வருந்தியதைக் கதையாகச் சொன்னவர்கள், அதைக் கேட்ட உலகம், இரண்டையும் பற்றிச் சொல்கிறேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'குவாய் ஆற்றுப் பாலம்' நாவலை 1952-இல் எழுதிய பியேர் பூல் போருக்கு முன் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளியைத் தினமும் பார்த்திருப்பார். 1957-இல் வந்த படத்தை இலங்கையில் கித்துல்கலவில் எடுத்தார்கள். இவ்வளவு பக்கத்தில் வந்தும் கதை வெள்ளைக்கார அதிகாரியின் பெருமிதத்தைச் சுற்றியே போனது. நம் பக்கத்துக் கதையை நம் எழுத்தாளர்கள்தான் எழுத வேண்டியிருந்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டையும் பள்ளி நூலகத்தில் வையுங்கள். படத்தைக் காட்டும் அதே வாரத்தில் இவற்றிலிருந்து ஓர் அத்தியாயமாவது படிக்கச் சொல்லுங்கள். அந்த நாவல்களின் நடுவே நிற்பவர்கள் தோட்டத்து ஆட்கள். "ஜப்பான்காரன் பின்னால் வருந்தினானா?" என்ற கேள்வி அவர்களுக்கு எவ்வளவு தூரத்துக் கேள்வி என்பது படித்தால் புரியும்.

இப்போது அசோகருக்குத் திரும்புவோம். பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் அசோகரே சொல்கிறார்: ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், அதற்கும் பல மடங்கு மக்கள் மாண்டார்கள், அதற்காக நான் வருந்துகிறேன். தன் குற்றத்தின் எண்ணிக்கையைத் தானே கல்லில் வெட்டி வைத்த அரசர் உலக வரலாற்றில் அரிது. மாணவர்கள் இதுவரை எழுதுவது சரிதான். ஆனால் அதே கல்வெட்டில் காட்டுவாசிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: வருந்தினாலும் தண்டிக்கும் வல்லமை எனக்கு உண்டு, திருந்திக்கொள்ளுங்கள் என்ற பாணியில். அதைவிட முக்கியமான செய்தி இன்னொன்று. கலிங்க நாட்டிலேயே அசோகரின் பாறைக் கல்வெட்டுகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன, தௌலியிலும் ஜௌகடாவிலும். அந்த இரண்டு இடத்திலும் இந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டு மட்டும் வெட்டப்படவில்லை! பதினொன்று முதல் பதின்மூன்று வரை விட்டுவிட்டு, அதற்குப் பதில் அதிகாரிகளுக்கான வேறு இரண்டு ஆணைகளை வைத்தார்கள். அந்த ஆணைகளில் மக்கள் எல்லாரும் என் பிள்ளைகள் என்கிறார், அநியாயமாகச் சிறைப்படுத்தாதீர்கள் என்கிறார். நல்ல ஆணைகள்தான். ஆனால் "உங்களைக் கொன்றேன், வருந்துகிறேன்" என்ற வாக்கியம் கொல்லப்பட்டவர்களின் ஊரில் இல்லை.

ஏன் விட்டார் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்லலாம். புண்ணைக் கிளற வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். கலகம் வரும் என்று பயந்திருக்கலாம். காரணம் எதுவானாலும், மாணவர் எழுத வேண்டிய கேள்வி ஒன்று இங்கே கிடைத்துவிட்டது: வருத்தம் யார் காதில் விழும்படி சொல்லப்பட்டது? இந்தக் கேள்வியை எழுதும் மாணவருக்கு நான் கூடுதல் புள்ளி போடுவேன்.

அப்படியானால் வருத்தத்துக்கு வரலாற்றில் இடமே இல்லையா? இருக்கிறது. அதைக் காட்டப் பக்கத்து மாவட்டத்துக்குப் போகலாம். 1948 டிசம்பர் 11, 12 தேதிகளில் பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவு வீரர்கள் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார்கள் என்பது அரசாங்கக் கணக்கு. இருபது ஆண்டுக்கும் மேல் அதுவே கணக்காக நின்றது. 1970-இல் அந்தப் படைப்பிரிவில் இருந்த சில முன்னாள் வீரர்கள் ஒரு பிரிட்டிஷ் வார இதழிடம் சத்தியப் பிரமாணம் செய்து சொன்னார்கள்: யாரும் ஓடவில்லை, நிற்க வைத்துச் சுட்டோம். மனசாட்சி உறுத்தியது என்பதுதான் அவர்கள் வெளியே வந்ததற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. போலீஸ் விசாரணை தொடங்கியது. ஆட்சி மாறியதும் நிறுத்தப்பட்டது. குடும்பத்தினர் லண்டன் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2015 நவம்பரில் பொது விசாரணை நடத்த அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். பெண் நீதிபதி ஹேல் மட்டும் மாறுபட்டார். ஆனாலும் இறந்தவர்கள் குற்றமற்றவர்கள், கொலை செய்யப்பட்டார்கள் என்றே இப்போதுள்ள சான்றுகளின் பெரும்பகுதி காட்டுவதாக நீதிபதி கெர் தம் தீர்ப்புரையில் பதிவு செய்தார்.

இங்கே வருத்தம் செய்த வேலையைப் பாருங்கள். அது குற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. 'தப்பியோடியபோது சுட்டது' என்று இருந்ததைக் 'கொலை' என்று மாற்றியது. தீர்ப்பு மாறியது, ஆனால் குற்றவாளிக்குச் சாதகமாக மாறவில்லை. உயிர் பிழைத்த தோட்டத்து மக்கள் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சொன்னார்கள், அவர்கள் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சுட்டவன் வாயால் வந்த பிறகுதான் லண்டன் காது கொடுத்தது. இது வருத்தத்தின் பலமா, அல்லது கேட்டவர்களின் பாரபட்சமா? இரண்டும்தான் என்பேன்.

ஒருவர் வருந்துகிறார் என்று படித்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அவர் சொன்னதால் நமக்குத் தெரியாத எதாவது தெரிய வந்ததா? ஆபே ஹிரோஷி என்ற ரயில்வே படை அதிகாரி இருந்தார். சோங்குராய் முகாமில் வேலை வாங்கியவர். சிங்கப்பூர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்து, பிறகு அது சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. பிற்காலத்தில் அவர், இந்த ரயில் பாதையைக் கட்டியதே ஒரு போர்க்குற்றம், அதில் பங்கெடுத்த நானும் போர்க்குற்றவாளி என்று வெளிப்படையாகச் சொன்னார். நாகாசே அளவுக்கு இவரை யாரும் கொண்டாடவில்லை. கோயில் கட்டவில்லை, கட்டிப்பிடிக்கும் காட்சி இல்லை. ஆனால் நம் பக்கத்திலிருந்து பார்த்தால் இவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் பெரிது. அடித்தது குற்றம், தண்ணீர் ஊற்றியது குற்றம் என்று சொன்னால் அடிபட்ட லோமாக்ஸோடு கதை முடிந்துவிடும். பாதையே குற்றம் என்று சொல்லும்போது, அந்தப் பாதைக்காகத் தோட்டத்திலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட ஒவ்வோர் ஆளும் அந்த வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறார், பெயர் தெரியாவிட்டாலும்கூட. வருத்தத்தின் ஆழத்தை விட அதன் அகலம் முக்கியமாகும் இடம் இது.

வருத்தம் போலத் தோன்றும் வேறொன்றும் இருக்கிறது. காஞ்சனபுரிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. பாதை முடிந்த சில மாதத்தில், 1944-இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே ஜப்பானிய இராணுவம் கட்டியது. இறந்தவர்களுக்காக என்று பல மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள், தமிழும் அதில் இருக்கிறது. நம் மொழியில் அஞ்சலி எழுதிய அதே இராணுவம் அந்த ஆண்டும் நம் ஆட்களை அந்தப் பாதையில் வேலை வாங்கிக்கொண்டிருந்தது. இறந்த ஆவிகளைச் சாந்தப்படுத்துவது ஜப்பானிய வழக்கம். அதைச் செய்தவர்களில் உண்மையாகவே கலங்கியவர்கள் இருந்திருக்கலாம். ஆனாலும் வேலையை நிறுத்தாமல் வைத்த கல்லை வருத்தம் என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கே மதிப்பில்லை. செயல் நிற்கும் இடத்தில்தான் வருத்தம் தொடங்க முடியும்.

தமிழ் இலக்கியம் படிக்கும் படிவம் ஆறு மாணவர்கள் இங்கே சிலப்பதிகாரத்தை எடுக்காமல் விடக்கூடாது. பாண்டியன் நெடுஞ்செழியன், கண்ணகி உடைத்த சிலம்பைப் பார்த்து, உள்ளே முத்து இல்லை மாணிக்கம் என்று கண்டதும் தானே கள்வன் என்று அவையில் சொல்லி விழுந்து இறக்கிறான். பிறகு வஞ்சிக் காண்டத்தில் இதைக் கேட்கும் சேரன் செங்குட்டுவன், வளைந்த செங்கோலை அந்த அரசன் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்தினான் என்று மதிப்பிடுகிறான். ஆக, வருத்தம் தீர்ப்பை மாற்றும் என்று சொல்ல நம் காப்பியத்திலேயே ஆதாரம் இருக்கிறது என்று ஒரு மாணவர் வாதாடலாம். நல்ல வாதம், ஏற்றுக்கொள்வேன். ஆனால் பாண்டியன் என்ன செய்தான் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்வேன். சான்றைக் கேட்டான், எல்லார் முன்னாலும் பார்த்தான், சாக்குச் சொல்லவில்லை, பொற்கொல்லன் மேல் பழி போட்டுத் தப்பிக்கவில்லை, தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டான், அதுவும் பாதிக்கப்பட்டவள் எதிரில். இவ்வளவுக்குப் பிறகும் கண்ணகி மதுரையை எரிக்கிறாள். பாண்டியனின் வருத்தம் அந்தத் தீயைத் தடுக்கவில்லை. மதிப்பீடு சொல்வதும் யார் என்று கவனியுங்கள், இன்னோர் அரசன். அரசன் அரசனுக்குக் கொடுக்கும் சான்றிதழ் அது. கண்ணகி மதுரையை எரித்தபோது அப்படி எதுவும் சொல்லவில்லை; தெய்வமான பிறகுதான், வாழ்த்துக் காதையில், தென்னவன் தீதிலன் என்கிறாள். (அதே காப்பியத்தில், அடுத்து வந்த கொற்கைப் பாண்டியன் கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று வருகிறது. ஒருவன் செய்த பழிக்கு ஆயிரம் பேர்! பரிகாரம் என்ற பெயரில் நடப்பது எல்லாம் நியாயம் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.)

எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். வருந்தினாலும் தீர்ப்பு மாறாது என்று சொல்லிவிட்டால் எவன் வாய் திறப்பான்? பத்தாங் காலி வீரர்கள் பேசாமலே இருந்திருப்பார்களே? இந்தக் கேள்விக்கு என் பதில்: செயலைப் பற்றிய தீர்ப்பு வேறு, ஆளைப் பற்றிய சித்திரம் வேறு. நாகாசே 1943-இல் செய்தது 1993-இல் மாறவில்லை. ஆனால் நாகாசே என்ற மனிதரைப் பற்றி எழுதும்போது 1943-ஓடு நிறுத்தினால் அது அரைகுறை வரலாறு. செய்ததையும் எழுதலாம், பிறகு ஐம்பது ஆண்டு என்ன செய்தார் என்பதையும் எழுதலாம். இரண்டாவது முதலாவதை அழிக்க வேண்டியதில்லை. நீதிமன்றம்கூடக் குற்றம் உறுதியான பிறகுதான் தண்டனையின் அளவுக்காக வருத்தத்தைக் கணக்கில் எடுக்கிறது. வருந்திவிட்டான் ஆகவே குற்றமே நடக்கவில்லை என்று எந்த நீதிபதியும் சொல்வதில்லை. மாணவர் கட்டுரையில் இந்த வேறுபாடு ஒரு வாக்கியமாக வந்தால் போதும், மற்றதெல்லாம் தானாகத் தெளியும்.

இது எதையும் ஜப்பானியரைப் பற்றிய, பிரிட்டிஷ்காரரைப் பற்றிய விஷயமாக மட்டும் வகுப்பில் முடித்துவிடாதீர்கள். தோட்டத்து வாய்மொழிக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒன்று, பெயர்ப் பட்டியல். ஜப்பான்காரனுக்கு லயத்தில் யார் யார் இருக்கிறார் என்று தெரியாது. ஆள் கணக்குச் சொன்னது நம் கிராணி, நம் கங்காணி. சிலர் மிரட்டலுக்குப் பயந்து சொன்னார்கள், சிலர் தனக்குப் பிடிக்காதவன் பெயரை முதலில் சொன்னார்கள், சிலர் தெரிந்த பையன்களைக் காட்டுக்குள் ஒளித்து வைத்துவிட்டு "ஆள் இல்லை துவான்" என்று சொல்லி அடி வாங்கினார்கள். மூன்று வகையும் கதைகளில் உண்டு. போர் முடிந்து திரும்பி வந்தவர்களும் பெயர் கொடுத்தவர்களும் அதே லயத்தில், அதே கோயில் திருவிழாவில், பல ஆண்டு ஒன்றாக இருந்திருக்கிறார்கள். வருந்தினேன் என்று அவர்களில் யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா, சொல்லாமலே கல்யாணத்துக்கு உதவி, சாவுக்குத் தோள் கொடுத்து அதைத் தீர்த்துக்கொண்டார்களா? நாகாசேக்கு நூல் இருக்கிறது, படம் இருக்கிறது. இவர்களுக்கு எதுவும் இல்லை.

ஆறாம் படிவ மாணவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் தலைப்பு இது: "சயாம் ரயில் பாதையின் வரலாற்றில் நாகாசே தகாஷியின் வருத்தத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்? ஒரு தமிழ்த் தொழிலாளியின் குடும்பத்தார் பார்வையிலிருந்து எழுதுக." ஐந்தாம் படிவத்துக்கு இன்னும் எளிதாக, பாட்டி லோமாக்ஸ் எழுதியதைப் போல ஒரு கடிதம் எழுதச் சொல்லலாம். கடிதம் யாருக்கு என்பதை மாணவரே முடிவு செய்யட்டும்: நாகாசேக்கா, ஆபேக்கா, 1944-இல் தமிழில் கல் வெட்டச் சொன்ன அதிகாரிக்கா, அல்லது பட்டியல் எழுதிக் கொடுத்த கிராணிக்கா. எழுதுவதற்கு முன் வீட்டில் மூத்தவர்களிடம் ஒரு கேள்வியாவது கேட்டுவரச் சொல்லுங்கள்: நம் குடும்பத்தில் யார் பெயர் அந்தப் பட்டியலில் போனது? செம்பனை நட்டு, லயம் இடித்து, ஆட்கள் தாமான்களுக்குப் போய்விட்ட பிறகு அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் இந்த வட்டாரத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். வரும் பெயர்களை வகுப்புப் பலகையில் எழுதி, புகைப்படம் எடுத்து வையுங்கள்.